சீன ஏற்றத்தாழ்வை உயர்தர வகுப்பில் படிப்பிப்பது எப்படி?

இரண்டு பாடவேளை போதும். கோடீஸ்வரர் கணக்கில் தொடங்க வேண்டாம். பிள்ளைகள் வாய் பிளப்பார்கள், பாடம் அங்கேயே நின்றுவிடும். ஹுகோ எனப்படும் குடும்பப் பதிவில் தொடங்குங்கள். 1958இல் வந்த இந்தப் பதிவு ஒவ்வொருவரையும் ஓர் ஊரோடும், விவசாயி அல்லது விவசாயி அல்லாதவர் என்ற வகையோடும் கட்டிப்போட்டது. வகைப் பிரிவை நீக்குவதாக 2014இல் அரசு அறிவித்தது. ஊர்ப் பிணைப்பு இருக்கிறது. சிறு நகரங்களில் அது இளகிவிட்டது. பீஜிங், ஷாங்காயில் பதிவு எடுப்பது இன்றும் பெரும்பாடு.

படுவான்கரையிலிருந்து வந்தவர் மட்டக்களப்பு வைத்தியசாலையில் மருந்தெடுத்தால் ஊர் பார்த்துச் சலுகையைக் குறைப்பதில்லை. சீனாவில் பதிவூருக்கு வெளியே வைத்தியம் செய்தால் காப்புறுதி திருப்பித் தரும் பங்கு பெரும்பாலும் குறையும். இதைச் சொன்ன பிறகு 2020 குடித்தொகைக் கணக்கெடுப்பின் இரண்டு எண்களைப் பலகையில் எழுதுங்கள்: நகரில் வாழ்வோர் 63.89 வீதம், நகரப் பதிவுள்ளோர் 45.4 வீதம். வித்தியாசத்தை 141 கோடியால் பெருக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 26 கோடி வரும். நகரில் உழைத்தும் நகரத்தவராகக் கணக்கில் வராத மக்கள் இவர்கள்.

அடுத்தது கல்வி. பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். நமது நாட்டில் மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. அதனால் "ஒதுக்கீடு" என்றாலே பின்தங்கியவருக்குக் கைகொடுப்பது என்று எழுதிவிடுவார்கள். சீனாவிலும் கிராமப்புற மாணவருக்கென்று சில சிறப்புத் திட்டங்கள் உண்டு. ஆனால் முன்னணிப் பல்கலைக்கழகங்களின் மாகாண ஒதுக்கீட்டில் சனத்தொகைக்கு அளவாகப் பார்த்தால் பீஜிங் பிள்ளைக்குக் கிடைக்கும் வாய்ப்பு ஹெனான் மாகாணப் பிள்ளையுடையதைவிடப் பல மடங்கு. பல்கலைக்கழக அனுமதிப் பரீட்சையும் பெரும்பாலும் பதிவூருக்குத் திரும்பிப் போய்த்தான் எழுத வேண்டும்.

வருமானத்துக்கு விகிதத்தை மட்டும் கொடுத்தால் பிழையான முடிவு வரும். 2013இல் தலா செலவிடத்தக்க வருமானம் நகரில் 26,467 யுவான், கிராமத்தில் 9,430. 2023இல் 51,821, 21,691. விகிதம் 2.81இலிருந்து 2.39ஆக இறங்கியது. கழித்துப் பார்த்தால் இடைவெளி 17,037இலிருந்து 30,130ஆக ஏறியிருக்கிறது (விலையேற்றத்தைக் கழிக்காத தொகை). இரண்டையும் மாணவரே கணக்கிடட்டும்.

பெற்றோர் வேலைக்கு வெளியூர் போக, கிராமத்தில் விடப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது எச்சரிக்கை வேண்டும். 2013இல் 6.1 கோடி என்றார்கள், 2016இல் 90 லட்சம். பிள்ளைகள் எங்கும் போய்விடவில்லை, வரைவிலக்கணம் மாறியது. பெற்றோரில் ஒருவர் வெளியூர் போனாலே முன்பு எண்ணினார்கள். பிறகு இருவரும் போயிருக்க வேண்டும், அல்லது வீட்டிலுள்ளவர் பராமரிக்க இயலாதவராக இருக்க வேண்டும். வயதெல்லையும் 18இலிருந்து 16ஆகக் குறைந்தது.

உங்கள் வகுப்பிலும் தாய் குவைத்திலோ சவூதியிலோ இருக்க, அம்மம்மாவோடு வளரும் பிள்ளை இருக்கும். அந்தப் பிள்ளையை எழுப்பி உதாரணம் கேட்காதீர்கள். விரும்பினால் தானாக எழுதட்டும்.