கூடுதல் மருத்துவக் காப்பீட்டைக் குடும்பங்கள் ஏன் நாடுகின்றன: கள ஆய்வு செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

அடிப்படைக் காப்பீடு ஏற்கெனவே இருக்கும்போது ஒரு குடும்பம் அதற்கு மேல் இன்னொரு பாலிசி எடுப்பதற்கு வருமானமே காரணம் என்ற முடிவோடு களத்தில் இறங்குபவர், வருமானத்தை மட்டுமே கண்டு திரும்புவார். வினாப்பட்டியலில் முதல் கேள்வியை எழுதும் முன்பே, அடிப்படைக் காப்பீடு எதை விட்டுவைக்கிறது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் பொதுக் காப்பீடு கட்டணத்தில் ஒரு பங்கை நோயாளியிடமே விட்டுவிடுவதால், அந்தப் பங்கை ஈடுகட்டவே பெரும்பாலான மக்கள் கூடுதல் காப்பீடு வைத்திருக்கிறார்கள். கனடாவில் மருத்துவரும் மருத்துவமனையும் பொதுக் காப்பீட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால் பல் சிகிச்சை, மூக்குக் கண்ணாடி, மருத்துவமனைக்கு வெளியே வாங்கும் மருந்துகள் ஆகியவற்றுக்காகவே தனியார் காப்பீடு வாங்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவிலோ காத்திருக்காமல் சிகிச்சை பெறுவதும் மருத்துவரைத் தாமே தேர்ந்தெடுப்பதும் முக்கியக் காரணங்கள். மூன்றும் வெவ்வேறு தேவைகள். ஒரே கேள்வியால் மூன்றையும் அளக்க முடியாது.

அடுத்து, கையில் பாலிசி வைத்திருக்கும் குடும்பங்கள் எல்லாம் அதை விரும்பி வாங்கியவை அல்ல என்பதை நினைவில் கொள்ளுங்கள். பிரான்சில் 2016 ஜனவரி முதல் தனியார் நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குக் கூடுதல் காப்பீடு அளித்து, பிரீமியத்தில் குறைந்தது பாதியைச் செலுத்த வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, பாலிசி வேலை வழியாக வந்ததா, குடும்பம் தானே தேடிச் சென்று எடுத்ததா என்பதைத் தனித்தனியே பதிவு செய்யுங்கள். இதைப் பிரிக்காத ஆய்வில், நிலையான வேலையின் விளைவு வருமானத்தின் விளைவாகத் தோன்றிவிடும். வருமானத்தைக் கேட்கும்போது மாதச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். வரவு சீராக இல்லாத வீடுகளில் செலவே நம்பகமான அளவுகோல்.

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் உடல்நிலை. நோயுள்ளவர்கள்தான் கூடுதல் காப்பீட்டை அதிகம் நாடுவார்கள் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. ஆனால் அமெரிக்க முதியோரின் மெடிகேர் திட்டத்துக்குத் துணையாக விற்கப்படும் மெடிகேப் பாலிசிகளைப் பற்றி 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றை வாங்கியவர்கள் சராசரியாக மற்றவர்களைவிட ஆரோக்கியமானவர்கள் என்று கண்டறிந்தது. விவரங்களைப் புரிந்துகொள்ளும் திறன் அதற்கு ஒரு முக்கியக் காரணமாக இருந்தது. மறுபுறம், காப்பீடு இருப்பதே மருத்துவச் சேவையின் பயன்பாட்டைக் கூட்டுகிறது. 1974 முதல் 1982 வரை அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய மருத்துவக் காப்பீட்டுச் சோதனையில் குடும்பங்கள் வெவ்வேறு திட்டங்களில் குலுக்கல் முறையில் சேர்க்கப்பட்டன. இலவசத் திட்டத்தில் இருந்தவர்கள், செலவில் தம் பங்கைச் செலுத்த வேண்டியிருந்தவர்களைவிட அதிகச் சேவையைப் பயன்படுத்தினார்கள். எனவே "கடந்த ஆண்டில் எத்தனை முறை மருத்துவமனைக்குச் சென்றீர்கள்?" என்ற கேள்வியின் விடையைத் தேவைக்கான காரணமாகக் கொள்ளாதீர்கள், அது காப்பீட்டின் விளைவாகவும் இருக்கலாம். பாலிசி எடுத்த நாளை முதலில் கேட்டு, அதற்கு முன்பு வீட்டில் யாருக்கு என்ன நோய் இருந்தது என்று விசாரிப்பதே சரியான வரிசை.

அந்த நாள் விதிமுறைகளின் விளைவையும் காட்டிக்கொடுக்கும். ஆஸ்திரேலியாவில் 30 வயதுக்குப் பிறகு தாமதமாகச் சேரும் ஒவ்வோர் ஆண்டுக்கும் மருத்துவமனைக் காப்பீட்டின் பிரீமியம் 2 சதவீதம் கூடும், உச்சவரம்பு 70 சதவீதம் என்ற விதி 2000 ஜூலையில் வந்தது. அதையொட்டிப் பெருந்திரளான மக்கள் சேர்ந்தார்கள். அவர்கள் திடீரென நோயுற்றதால் சேரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டிலேயே பிரீமியத்தில் 30 சதவீதம் அரசுத் தள்ளுபடியும் வந்திருந்ததால், எது எவ்வளவு காரணம் என்பதைப் பிரிப்பது கடினமாகவே இருந்தது. உங்கள் ஆய்வுக் காலத்திலும் விலை, வரிச்சலுகை, வயது வரம்பு ஆகியவற்றில் மாற்றம் வந்ததா என்று பார்த்து, தேதிகளைக் குறித்து வையுங்கள்.

எவ்வளவு பிரீமியம் கொடுக்கச் சம்மதம் என்று கேட்கும்போது, எல்லா வீடுகளிலும் ஒரே தொகையிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் சொல்லும் தொகை பதிலைத் தன் பக்கம் இழுக்கும். தொடக்கத் தொகையை வீட்டுக்கு வீடு மாற்றுங்கள். அதற்கு முன்பு பாலிசியின் காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்த பிறகு அதன் பயன் கிடைக்கத் தொடங்கும் வரையுள்ள இடைவெளி), ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான விலக்கு ஆகியவற்றை எளிய சொற்களில் விளக்கிவிடுங்கள். புரியாத ஒன்றுக்குச் சொல்லப்படும் விலைக்குப் பொருளில்லை.

நம்பிக்கையை நேரடியாகக் கேட்டால் மரியாதைக்கான பதிலே கிடைக்கும். தெரிந்தவர் எவருக்காவது இழப்பீடு மறுக்கப்பட்டதா, மறுக்கப்பட்டபோது காரணம் விளக்கப்பட்டதா என்று கேட்பது பயன் தரும். இக்கேள்விகளைப் பாலிசியை ஒருமுறை எடுத்துப் பின்னர் புதுப்பிக்காமல் விட்ட குடும்பங்களிடம் தவறாமல் கேளுங்கள். பல ஆய்வுகளில் இவர்கள் 'காப்பீடு இல்லாதவர்' என்ற ஒரே கட்டத்துக்குள் மறைந்துவிடுகிறார்கள். விலையையும் பயனையும் நேரில் அறிந்தபின் விலகியவர்கள் என்பதால், அவர்களுக்கு வினாப்பட்டியலில் தனிப் பகுதி ஒதுக்குங்கள்.