ஆக்ஸ் வயரில் வந்த இரைச்சல்

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில்தான் அந்த இரைச்சல் முதலில் காதில் பட்டது. என் காரின் செட் பழசு, புளூடூத் இல்லை. போனை ஆக்ஸ் வயரில் மாட்டிப் பாட்டுப் போட்டால் பின்னால் நுளம்பு மாதிரி ஒரு 'ங்ஙீ'. அக்சிலேட்டரை மிதிக்க அதுவும் சேர்ந்து ஏறும். வயர்தான் பழுது என்று இரண்டு தரம் மாற்றினேன், காசுதான் போனது.

கிளிநொச்சியில் கார் வயரிங் செய்யும் அண்ணை ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, சார்ஜரைக் கழட்டிப்போட்டுப் பாரும்" என்றார். கழட்டினேன். சத்தம் அப்படியே நின்றது.

விசயம் இதுதான்: சார்ஜரும் ஆக்ஸும் ஒரே நேரத்தில் போனில் இருந்தால் எர்த் இரண்டு வழியால் சுற்றி வருகிறது. எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் அதற்குள்ளால் ஸ்பீக்கருக்கு ஏறிவிடுகிறது.

இந்த எர்த் சுற்றை வெட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றை வாங்கி ஆக்ஸ் வயருக்கு நடுவில் போட்டேன். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்போமர்கள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பாட்டு காந்தப்புலத்தால் கடக்கும், எர்த் கடக்காது. மலிவுச் சாமான் என்பதால் பாஸ் கொஞ்சம் மெலிந்தது. சரி, பரவாயில்லை.

மாங்குளம் வரைக்கும் சார்ஜரோடு ஓடிப் பார்த்தேன். பாட்டும் டயர்ச் சத்தமும்தான் கேட்டது.