பைக்குக்கு வீட்டிலேயே பெட்டி செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஐப்பசியில் மன்னார்குடியில் ஒரு வெல்டிங் பட்டறை வாசலில் என் வேலைக்காகக் காத்திருந்தபோது, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் தம் 100 சிசி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். என்னைப் போலவே பம்புசெட் மோட்டார் பழுது பார்ப்பவர்; தொழிலுக்குப் புதியவர். சீட்டுக்குப் பின்னால் இருந்த கேரியரை இரும்புப் பட்டை வைத்து ஒன்றரை அடி நீட்டி, அதன் மேல் ஒரு தகரப் பெட்டியை ஏற்றியிருந்தார். நீட்டிய பட்டையில் ஒரு பக்கம் பற்று விட்டுப்போனதால் மறுபடியும் பற்றவைக்க வந்திருந்தார். “ஏன் தம்பி இவ்வளவு பின்னால தள்ளி வச்சீங்க?” என்று கேட்டேன். “சீட்டுல ஆள் உக்காரணும்ல அண்ணே, வேற இடம் ஏது?” என்றார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறைக்காரரிடம் நான் சொன்ன பதிலும் இதுதான்.

கடையில் விற்கும் பெட்டிகளும் அவற்றைத் தாங்கும் கம்பிச் சட்டங்களும் எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டும் விலையில் இல்லை. அதனால் காலி எண்ணெய்க் கேன், பழைய தகரம், அலுமினியத் தகடு, தார்ப்பாய் ஆகியவற்றைக் கொண்டு நாமே செய்துகொள்கிறோம். நல்ல முறையில் செய்தால் அவை பல ஆண்டுகள் உழைக்கும் என்பதை என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். நட்டை இறுக முடுக்குங்கள், அளவு எடுத்துவிட்டு வெட்டுங்கள் என்பவற்றை யாரும் எழுதித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. செய்து முடித்து, சில மாதங்கள் ஓட்டிய பிறகே தெரியவரும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

பின் அச்சைத் தாண்டிப் பாரம் வைத்தல்

மற்றத் தவறுகள் பெரும்பாலும் பெட்டியைக் கெடுக்கும். இது வண்டியையும் ஓட்டுபவரையும் கெடுக்கும். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பகுதியில் மிகுதியாக ஓடும் 100 சிசி வண்டிகளின் இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 1,250 மில்லிமீட்டர். பின் அச்சிலிருந்து 500 மில்லிமீட்டர் பின்னால் 25 கிலோ எடையை வைப்பதாகக் கொள்வோம். வண்டி சீசா பலகைபோல் பின் அச்சின் மேல் சாயப் பார்க்கும். 25 கிலோவை 500ஆல் பெருக்கி 1,250ஆல் வகுத்தால் 10 வரும். அதாவது முன் சக்கரம் தரையை அழுத்தும் எடையில் 10 கிலோ குறைந்துபோகும். பின் சக்கரத்தின் மேல் 25 அன்று, 35 கிலோ ஏறும். அதே 25 கிலோவைப் பக்கவாட்டில் தாழ்வாக, அதன் நடுப்பகுதி பின் அச்சுக்கு 150 மில்லிமீட்டர் முன்னால் வரும்படி தொங்கவிட்டால், முன் சக்கரத்துக்கு 3 கிலோ கூடுதலாகவே கிடைக்கும். எடை ஒன்றுதான், இரண்டு அடி இடம் மாறியதில் முன் சக்கரத்துக்கு 13 கிலோ வேறுபாடு. வளைவில் வண்டியைத் திருப்புவதும் பிரேக் பிடிக்கும்போது பெருமளவு நிறுத்துவதும் முன் சக்கரம் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த 13 கிலோவின் பெறுமானம் விளங்கும்.

இந்தக் கணக்கு எதுவும் அன்று எனக்குத் தெரியாது. நான் நீட்டிய கேரியரில் ஸ்பானர்கள், புல்லர், செப்புக் கம்பிச் சுருள்கள், பேரிங்குகள் என்று நிறைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். நேர் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஹேண்டில்பார் இடமும் வலமுமாக மெல்ல ஆடத் தொடங்கும். டயரில் காற்று குறைவு என்று நினைத்தேன். பிறகு ஹேண்டில்பாரின் அடியில் உள்ள பால்ரேசை மாற்றினேன். ஆட்டம் நிற்கவில்லை. ஒருநாள் ஒரத்தநாட்டுப் பக்கம் கல்லணைக் கால்வாயின் கரையில், மழை பெய்து ஊறிய களிமண் பாதையில், எதிரே வந்த டிராக்டருக்காகப் பிரேக் பிடித்தபோது முன் சக்கரம் பிடிப்பே இல்லாமல் பக்கவாட்டில் வழுக்கியது. கால்வாய்க்குள் விழாமல் கரையிலேயே விழுந்தேன். பெட்டியில் இருந்த ஒரு விவசாயியின் மோட்டார் சுருள் நசுங்கியது. அதை என் செலவில் மறுபடியும் சுற்றிக் கொடுத்தேன். முழங்கால் வலி இன்றும் குளிர்காலத்தில் தலைகாட்டுகிறது.

அத்துடன் முடியவில்லை. சீட்டைத் தாங்கும் பின்பக்கக் குழாயில், வெல்டிங் ஓரத்தை ஒட்டி மயிரிழை போல ஒரு விரிசல் கண்டது. அந்தக் குழாய் ஓர் ஆளையும் சிறு கேரியரையும் தாங்கச் செய்யப்பட்டது. நீட்டிய கேரியர் அதை ஒவ்வொரு பள்ளத்திலும் கீழ்நோக்கி வளைத்து விடுவிக்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடிவதைப் போன்றதே இது. முதல் முறை விரிசலின் மேல் பற்றவைத்தார்கள். மூன்று மாதத்தில் அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி மீண்டும் விரிந்தது. இறுதியில் பின்பகுதிக் குழாய்களையே வெட்டி மாற்ற நேர்ந்தது. பெட்டியில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு அதற்குச் செலவாயிற்று.

இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்: நீட்டல் தெறித்த ஒவ்வொரு முறையும் நான் போன பட்டறைகளில் சொன்னது, “கனமான இரும்பாகப் போட்டுவிடலாம்” என்பதே. பாரம் இருக்கும் இடம் தவறு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கனமான இரும்பு தானே நான்கைந்து கிலோ. அதுவும் அச்சுக்குப் பின்னால்தான் ஏறுகிறது. நீட்டலை வலுப்படுத்தினால் அது தெறிக்காது, அதற்குப் பதிலாகச் சேஸி தெறிக்கும். மன்னார்குடியிலும் அந்தத் தம்பிக்குக் கிடைக்கவிருந்த யோசனை அதுவே.

செய்ய வேண்டியது இது. கனமான பொருள்கள் பக்கப் பெட்டிகளில், தாழ்வாக, இயன்றவரை முன்னோக்கிப் போக வேண்டும். பின்னால் அமர்பவரின் கால் படாத அளவுக்கு மட்டும் பெட்டியைப் பின்னுக்கு நகர்த்தலாம். ஒவ்வொரு பக்கச் சட்டத்துக்கும் மூன்று பிடிப்புகள் வேண்டும்: கீழே, பின்னால் அமர்பவர் கால் வைக்கும் கட்டையின் போல்ட்டில் ஒன்று, மேலே, கைப்பிடிக் கம்பியின் போல்ட்டில் ஒன்று, பின்னால், நம்பர் பிளேட்டுக்கு அடியில் இடது சட்டத்தையும் வலது சட்டத்தையும் இணைக்கும் குறுக்குக் கம்பியில் ஒன்று. இந்தக் குறுக்குக் கம்பியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் இரண்டு பெட்டிகளும் சிறகுபோல் தனித்தனியே அடித்துக்கொள்ளும். மேல் போல்ட் ஓட்டை நாளடைவில் முட்டை வடிவமாகிவிடும். சட்டத்தைப் பிடித்து உலுக்கினால் வண்டி முழுவதும் சேர்ந்து அசைய வேண்டும். சீட்டுக்குப் பின்னால் மழைக்கோட்டு, சாப்பாட்டுத் தூக்கு, துண்டு போன்ற இலேசான பொருள்கள் போதும்.

இடப்பக்கச் சட்டத்துக்கு இடைஞ்சல் என்று சாரி கார்டைக் கழற்றிவிடாதீர்கள். பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி. புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கிய விபத்தை ஒருமுறை பார்த்தவர்கள் அந்தக் கம்பியில் கைவைக்க மாட்டார்கள்.

சந்தேகம் இருந்தால் எடை போட்டுப் பாருங்கள். நெல் கடையில் மூட்டை நிறுக்கும் தராசின் மேல் முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி, பின் சக்கரத்தின் அடியில் அதே உயரத்துக்குப் பலகை கொடுத்து, நீங்கள் வண்டியில் அமர்ந்த நிலையில் பெட்டி நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் நிறுத்துப் பார்த்தால் போதும். என் இப்போதைய வண்டியை அப்படித்தான் சரிபார்த்தேன். கடைக்காரர் காசு வாங்கவில்லை. தம் மகனின் வண்டியையும் கொண்டுவந்து நிறுத்துப் பார்த்தார்.

பூச்சிமருந்துக் கேன்

எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.

கேனில் வெறும் போல்ட்டை முடுக்குதல்

சமையல் எண்ணெய் வரும் 15, 20 லிட்டர் கேன்கள் பக்கப் பெட்டிக்கு மிகவும் ஏற்றவை. அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் அச்சிடப்பட்டிருந்தால் அது எச்டிபிஇ பிளாஸ்டிக். அது கீழே விழுந்தாலும் உடையாது, துருவும் பிடிக்காது. ஆனால் அதன் மேல் எந்தப் பசையும் நிற்காது. எம்-சீல், ஃபெவிகால், சிலிக்கான் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் பணத்தை இழந்த பலரை அறிவேன். சில நாள் ஒட்டியிருப்பதுபோல் இருந்துவிட்டுத் தோல்போல உரிந்து வந்துவிடும். போல்ட் அல்லது ரிவெட் மட்டுமே இதற்கு வழி.

போல்ட்டிலும் ஒரு கவனம் தேவை. எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுடன் கடையில் கொடுக்கும் சிறிய வாஷரை மட்டும் போட்டால், பாரத்தின் அதிர்வில் போல்ட்டின் தலையே பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். உள்ளங்கை அகலத்துக்கு அலுமினியத் தகட்டை வெட்டிக் கேனின் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று வைத்து, தகட்டுக்கும் கேனுக்கும் இடையே பழைய டியூபின் ரப்பர்த் துண்டைக் கொடுத்து முடுக்குங்கள். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டே வேண்டும். சாதாரண நட்டு ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் அதிர்வில் கழன்றுவிடும். மூடிக்காகக் கேனை அறுக்கும்போது மூலைகளைக் கூர்மையாக வெட்டாமல், முதலில் மூலையில் துரப்பணத்தால் வட்டத் துளை போட்டு அதுவரை அறுக்க வேண்டும். கூர்மையான மூலையிலிருந்துதான் கேன் கிழியத் தொடங்கும். கறுப்புக் கேன் கிடைத்தால் அதையே எடுங்கள். அதில் கலந்திருக்கும் கரி வெயிலைத் தாங்கும். வெள்ளைக் கேன் சில கோடைகளில் மொறுமொறுத்துப்போகும்.

வெல்டிங்கின்போது பேட்டரியைக் கழற்றாதிருத்தல்

2020 ஏப்ரலுக்குப் பின் விற்பனைக்கு வந்த, பிஎஸ்-6 எனும் புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் அமைந்த வண்டிகளில் பெரும்பாலானவை எரிபொருளை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மூலமே செலுத்துகின்றன. வெல்டிங் மின்சாரம் அந்தப் பெட்டியைப் பழுதாக்கினால் வண்டி கிளம்பாது. பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றுங்கள். இயன்றால் சட்டத்தைத் தனியே கழற்றி வைத்தே பற்றவையுங்கள்.

மழையை மூடியால் மட்டும் தடுக்க நினைத்தல்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓட்டாத வண்டிக்கு இந்தப் பகுதியில் பெட்டியே தேவையில்லை. ஆகவே பெட்டி செய்பவர்கள் எல்லாரும் முதலில் மூடியின் ஓரத்தில் ரப்பரும் சிலிக்கானும் வைத்து நீர் புகாதபடி அடைக்கப் பார்க்கிறார்கள். முழுவதும் அடைத்த பெட்டி வெயிலில் நின்று சூடாகும்போது உள்ளே உள்ள காற்று விரிந்து வெளியேறும். பிறகு திடீரென மழை பெய்து பெட்டி குளிரும்போது உள்காற்று சுருங்கி, மூடியின் ஓரத்தில் நிற்கும் நீரையே உள்ளே இழுக்கும். இப்படிப் புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கிவிடும். என்னுடைய மல்டிமீட்டர் ஒன்று இப்படித்தான், ஒரு துளியும் புகாது என்று நம்பிய பெட்டிக்குள் நீரில் கிடந்தது.

பால் தூக்கின் மூடியைப் போல, வெளிப்புறமாக இரண்டு விரற்கடையாவது கீழே இறங்கி மூடும் மூடியைச் செய்யுங்கள். பெட்டியின் அடி மூலைகளில் ஆறு மில்லிமீட்டர் துளைகள் போட்டு, உள்ளே அரை அங்குல உயரத்தில் ஒரு கம்பி வலை அல்லது பலகை விரியுங்கள். நனையவே கூடாத பொருள்களைத் தார்ப்பாயில் தைத்த தனிப் பையில் போட்டு வாயைச் சுருட்டி மடித்துக் கட்டுங்கள். பலகை வேலை என்றால் கடையில் ஐஎஸ் 710 என்று முத்திரையிட்ட, கொதிநீரையும் தாங்கும் ப்ளைவுட்டைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண ஐஎஸ் 303 ப்ளைவுட், அதிலும் வீட்டுக்குள் பயன்படுத்தும் தரத்தில் உள்ளது, ஒரே பருவத்தில் அடுக்கடுக்காக விரியும்.

சைலன்சர் பக்கம்

பெட்டிக்கும் சைலன்சருக்கும் இடையே நான்கு விரல் இடைவெளியும் நடுவே ஒரு தகடும் வேண்டும்.

தொங்கும் கயிறு, வார்

நுனியை உள்ளே சொருகிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இடப்பக்கம் சங்கிலி இருக்கிறது.

ஹேண்டில்பாரைவிட அகலமாகச் செய்தல்

ஓட்டுபவரின் கண் ஹேண்டில்பாரின் அகலத்தைத்தான் அளவாகக் கொள்கிறது. அது நுழையும் இடத்தில் வண்டி முழுவதும் நுழையும் என்று கை நம்பிவிடுகிறது. பெட்டி அதைவிட இருபுறமும் நான்கு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரிலோ கும்பகோணத்துக் கடைத்தெருவில் நிற்கும் ஒருவரின் முழங்காலிலோ அது இடித்த பிறகே நமக்கு நினைவு வரும். இருபுறமும் ஒரே அகலம் வேண்டும் என்பதும் இல்லை. சைலன்சர் உள்ள வலப்பக்கத்துப் பெட்டியை ஒல்லியாகச் செய்து இலேசான பொருள்களை வைக்கலாம். ஆனால் இரண்டின் எடையும் மிக வேறுபட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இண்டிகேட்டரும் நம்பர் பிளேட்டும் பின்னாலிருந்து தெரிய வேண்டும். பின்னால் வைக்கும் இலேசான பெட்டிக்கு 2020இல் மத்திய அரசு நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டர் என்ற வரம்பை அறிவித்தது. பின் இருக்கையின் மீதே பெட்டியை வைத்தால் ஓட்டுபவர் தவிர வேறு ஒருவர் அமரக்கூடாது என்பதும் அதில் உண்டு.

உப்புக் காற்றில் அலுமினியத்தையும் இரும்பையும் நேராக ஒட்டுதல்

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் இதை மறக்கக்கூடாது. உப்பு ஈரம் பட்டால் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். போல்ட்டைச் சுற்றியே முதலில் அரிக்கும். இரண்டுக்கும் நடுவே டியூப் ரப்பரை வைத்து, போல்ட்டுக்குக் கிரீஸ் தடவினால் போதும். உப்பளத்துச் சாலையில் போய் வந்த அன்றே நல்ல நீரால் சட்டத்தின் அடிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள்.

மன்னார்குடியில் அந்தத் தம்பியின் நீட்டலைப் பற்றவைக்கவில்லை, வெட்டி எடுத்தோம். எடுத்த பட்டையிலேயே இடப்பக்கச் சட்டம் ஒன்று அன்று மாலைக்குள் தயாராகிவிட்டது. குறுக்குக் கம்பிக்கு மட்டும் அரை அங்குலக் குழாய் மூன்றடி வாங்க வேண்டியிருந்தது. வலப்பக்கத்துக்குக் கேன் தேடிக்கொண்டு அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு, பழைய தகரப் பெட்டியைக் கயிற்றில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.