பிளாக் சபத்தின் முதல் அல்பத்தைத் திரும்பக் கேட்க

பிளாக் சபத் இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் இசைக்குழு. அவர்களின் முதல் அல்பத்தைப் போன் ஸ்பீக்கரில் மட்டும் போடாதீர்கள். பேஸ், அதாவது அடி ஒலி, கேட்காது, அது இல்லையென்றால் இந்த அல்பத்தில் பாதி போச்சு. கிளிநொச்சியில் எங்கள் பட்டறையில் கிரைண்டர் ஓய்ந்த பிறகு சவுண்ட் பொக்ஸில் போடுவேன். உங்களுக்கு நல்ல ஹெட்போன் போதும்.

1970 பெப்ரவரியில் வந்தது. ஏறக்குறைய ஒரே நாளில் பதிந்தது, மெருகைத் தேடவேண்டாம்.

முதல் பாட்டு மழை, இடி, மணியோசையோடு தொடங்கும். தள்ளிவிடாமல் பொறுங்கள். பிறகு கிற்றாரில் மூன்றே சுரம்: ச, மேல் ச, அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம், அதாவது உயர்ந்த ‘ம’. கோயில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த மத்திமம் தெரிந்ததுதான். இங்கே அது அசைந்து அசைந்து நிற்கும்; நெஞ்சு இறுகும். மெதுவாக, கனமாக நகரும் டூம் மெட்டல் இசைக்கு விதை இதுதான் என்பேன்.

வாசிப்பவர் டோனி அயோமி, இடதுகைக்காரர். பர்மிங்காம் தகட்டுத் தொழிற்சாலையில் இயந்திரம் அவருடைய வலது கை நடுவிரல், மோதிர விரல் நுனிகளை எடுத்துவிட்டது. கம்பியை அழுத்தும் விரல்கள்! பிளாஸ்டிக் போத்தலை உருக்கித் தானே உறை செய்து மாட்டினார், மெல்லிய கம்பிக்கு மாறினார். நாள் முழுக்கத் தகடு வெட்டுகிற எனக்கு இதை நினைத்தால் மனுசன் மீது மரியாதை கூடுகிறது.

இரண்டாம் முறை பில் வார்டின் ட்ரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். ஜாஸ் துள்ளல் தெரியும். அப்புறம் அவர்களின் 1971 அல்பம் ‘மாஸ்டர் ஒஃப் ரியாலிட்டி’. அதில் சில பாட்டுக்குக் கம்பிகளை மூன்று அரைச்சுரம் இறக்கியிருப்பார்கள். அது பிடித்தால் சுவீடனின் டூம் மெட்டல் குழு கண்டில்மாஸுக்குப் போங்கள்.