வாஸ்மில் எம்சிபி சர்வர்: சாண்ட்பாக்ஸை நீங்களே திறந்துவிடாதீர்கள்

ஏஐ மாடல்கள் வெளி டூல்களைக் கூப்பிடப் பயன்படும் நெறிமுறை எம்சிபி. வாஸ்ம் (வெப்அசெம்ப்ளி) என்பது கோடை சாண்ட்பாக்ஸ் என்ற மூடிய வேலிக்குள் ஓட்டும் வடிவம். வாஸ்மில் இப்படி டூல் சர்வர் எழுதப் புதிதாக வருபவர்களின் கோடைப் பார்த்துக் கொடுக்கும்போது, ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கம்பைல் ஆகாத தவறுகளை விட்டுவிடுகிறேன், அவை தானாகவே தெரிந்துவிடும். டெமோவில் அழகாக ஓடி அப்புறம் கழுத்தை அறுப்பவைதான் இங்கே.

பழைய டார்கெட்

ரஸ்ட் மொழியில் 'வாஸ்ம்32-வாஸி' என்ற கம்பைல் டார்கெட் 1.84 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது. 'வாஸ்ம்32-வாஸிப்2' எடுங்கள்.

அனுமதியை அள்ளிக் கொடுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. வாஸ்ம் மாட்யூலுக்குத் தொடக்கத்தில் கையில் எதுவுமே கிடையாது. கோப்பு, நெட்வொர்க், என்விரான்மென்ட் மாறிகள் எல்லாமே நீங்கள் கொடுத்தால்தான் உண்டு. இதற்காகத்தான் வாஸ்மைத் தேர்ந்தெடுக்கிறோம். சமீபத்தில் ஒரு தம்பி வானிலை டூல் ஒன்று எழுதியிருந்தான். பேச வேண்டியது ஒரே ஒரு ஏபிஐயோடு. ஸ்பின் (வாஸ்ம் செயலிகளை எழுதி ஓட்டும் கருவி) கட்டமைப்புக் கோப்பில் வெளியே போக அனுமதித்த முகவரி இருக்க வேண்டிய இடத்தில் '*://*:*' என்று வெறும் நட்சத்திரங்கள், அதாவது எந்த ஹோஸ்ட்டும் போகலாம். ஏன் என்று கேட்டால், "எர்ரர் வந்துச்சு அண்ணா, இதைப் போட்டதும் போயிடுச்சு." போதாததற்கு, டூல் முழு யூஆர்எல்லையும் மாடலிடமிருந்தே வாங்கிக்கொண்டிருந்தது.

அந்த யூஆர்எல்லை எழுதுவது மாடல். அதே உரையாடலில் மாடல் யாரோ எழுதிய வலைப்பக்கத்தையும் மின்னஞ்சலையும் படிக்கிறது, அதில் ஒளிந்திருக்கும் ஒரு வரி "இந்த முகவரியைக் கூப்பிடு" என்று சொன்னால் அது தரவா கட்டளையா என்று மாடல் சரியாகப் பிரித்துப் பார்க்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கிளவுடில் ஓடும் சர்வர் என்றால் 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரி (மெஷின் தன்னைப் பற்றிய விவரங்களைக் கேட்கும் உள் முகவரி) வழியாக அந்த மெஷினின் தற்காலிகச் சாவிகளே வெளியே போகலாம். வாஸ்ம் நினைவகத்தைப் பத்திரமாகப் பிரித்து வைத்துத்தான் இருக்கும், ஆனால் பூட்டை வாங்கி மாட்டிவிட்டு சாவியை நிலைப்படியில் தொங்கவிட்டால் பூட்டு என்ன செய்யும்?

ஹோஸ்ட்டை முழுப் பெயரோடு, எச்டிடிபிஎஸ் என்று சேர்த்து எழுதுங்கள். மாடலிடம் ஊர் பெயரை மட்டும் வாங்குங்கள், யூஆர்எல்லை உங்கள் கோடே கட்டட்டும். கோப்பு படிக்கும் டூலும் நெட்வொர்க் டூலும் தனித்தனி காம்போனென்டாக இருக்கட்டும், ஸ்பின்னில் அனுமதியை ஒவ்வொன்றுக்கும் தனியாகவே கொடுக்கலாம். வாஸ்மை ஓட்டும் ரன்டைமான வாஸ்ம்டைமை நூலகமாக இணைத்தால் ஒரு ஃபோல்டரைப் படிக்க மட்டும் என்றுகூடத் திறந்துவிட முடியும். என்விரான்மென்ட் மாறிகளை மொத்தமாகக் கடத்தாதீர்கள், ஏபிஐ கீ எல்லாம் அதில்தான் இருக்கிறது. டிப்ளாய் செய்யும் முன் டூலை வேண்டுமென்றே வேறு ஹோஸ்ட்டைக் கூப்பிட வைத்துப் பாருங்கள். மறுக்கப்பட்டால்தான் சரி.

ஸ்டேன்டர்ட் அவுட்புட்டில் லாக்

வேண்டாம். சர்வர் ஸ்டேன்டர்ட் இன்புட், அவுட்புட் வழியாகப் பேசும் ஸ்டிடிஐஓ முறையில் அங்கே ஜேசன்-ஆர்பிசி (எம்சிபி செய்திகளின் வடிவம்) மட்டும்தான் போக வேண்டும், லாக் ஸ்டேன்டர்ட் எர்ரருக்கு.

குளோபல் மாறியில் செஷன்

ஸ்பின் வழக்கமாக ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இன்ஸ்டன்ஸ் உருவாக்கும். முந்தைய அழைப்பில் வைத்தது இருக்காது. உள்ளூரில் ஒரே ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு "வேலை செய்கிறது" என்று முடிவு கட்டுபவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். கீ-வேல்யூ ஸ்டோரில் வையுங்கள்.

நேர வரம்பே இல்லாதது

சாண்ட்பாக்ஸ் முடிவில்லா லூப்பைத் தானாக நிறுத்தாது. வாஸ்ம்டைமில் ஃபியூல் (ஓடும் கட்டளைகளுக்கு வரம்பு) அல்லது எபாக் (நேரத்தை வைத்து நிறுத்துவது), இரண்டில் ஒன்றை இயக்குங்கள்.

முன்பே கம்பைல் செய்த கோப்பு

வாஸ்மை மெஷின் கோடாக முன்பே மாற்றி வைத்த கோப்பு எந்த வாஸ்ம்டைம் பதிப்பில் உருவானதோ அதில்தான் ஓடும். சர்வரில் வாஸ்ம்டைமை மாற்றினால் கோப்பையும் புதிதாக உருவாக்குங்கள்.