மேலாளர் தேர்வுக்குப் போடும் பணம் திரும்புமா? கணக்குப் போடும் விதம்

ஒரு தேர்வு முறை நல்லது என்று யாராவது சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: எதைவிட? எந்த முறையும் இல்லை என்கிற இடத்தில்கூட அரட்டை போல ஒரு நேர்முகம் நடக்கும். அதற்கு மேல் புதிய முறை எவ்வளவு தருகிறது என்பதே கணக்கு.

உளவியல் ஆய்வாளர் சாக்கெட் குழுவினரின் 2022 ஆய்வில், மனம்போன போக்கில் கேட்கும் நேர்முகத்தின் கணிப்புத் திறன் (தேர்வு மதிப்பெண்ணும் பின்னால் வேலையில் காட்டும் திறனும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.19. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே மதிப்பெண் முறை என்றால் 0.42. வித்தியாசம் 0.23.

சரி, 40 பேரில் 4 பேரை எடுக்கிறீர்கள், சராசரியாக 3 வருடம் இருப்பார்கள் என்று வையுங்கள். பத்தில் ஒருவரைப் பொறுக்கும்போது, தேர்வானவர்களின் மதிப்பெண் சராசரியைவிட சுமார் 1.75 திட்டவிலக்கம் (ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தின் அளவுகோல்) மேலே இருக்கும். 4 × 3 × 0.23 × 1.75 = 4.83. இதை, வேலைத் திறனில் ஒரு திட்டவிலக்கத்தின் பண மதிப்பால் பெருக்க வேண்டும். அதாவது, நடுத்தர மேலாளரையும், நூற்றுக்கு 84 பேரைவிட நன்றாகச் செய்பவரையும் பிரிக்கும் வருடாந்திரத் தொகை.

அடிபடுவது இங்கேதான். வருடச் சம்பளத்தில் 40 சதவீதம் என்பது ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் சொன்ன பழைய விதி. அப்படியானால் லாபம் 1.9 வருடச் சம்பளம். இந்த எண்ணை நிதித் துறையிடம் காட்டினால் சிரிப்பார்கள். எனக்கே அதில் முழு நம்பிக்கை கிடையாது. அதனால் தலைகீழாகப் போடுகிறேன். ஒருவரைச் சோதிக்க வருடச் சம்பளத்தில் 1 சதவீதம் கூடுதல் செலவு என்றால், 40 பேருக்கு 0.4 சம்பளம். அதை 4.83-ஆல் வகுத்தால் 0.083. "நல்ல மேலாளர் வருடத்துக்குச் சம்பளத்தில் 8 சதவீதமாவது கூடுதலாகத் தருவாரா?" இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லிவிடலாம்.

செலவு வந்தவர் எல்லோருக்கும், பலன் எடுத்தவர்களால் மட்டும். அசெஸ்மென்ட் சென்டர் (வேலை போன்ற பல பயிற்சிகளைக் கொடுத்து, பல மதிப்பீட்டாளர்கள் கவனித்து மதிப்பெண் போடும் முறை) போல ஆளுக்கு 5 சதவீதம் விழுங்கும் முறையை 40 பேருக்கும் வைத்தால் 2 சம்பளம் போய்விடும். மலிவான சோதனையில் வடிகட்டிவிட்டு மிச்சப்பேரை மட்டும் அனுப்புங்கள். அப்புறம், 4 இடத்துக்கு 5 பேர்தான் வந்தார்கள் என்றால் 1.75 என்பது 0.35 ஆகிவிடும், அப்போது விண்ணப்பங்களைக் கூட்டத்தான் பணம் போட வேண்டும்.

உங்கள் முறையின் கணிப்புத் திறனுக்குச் சொந்த எண் வேண்டுமென்றால், அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி-யில் 1956-ல் உளவியலாளர் டக்ளஸ் பிரே தொடங்கிய ஆய்வில் செய்ததுபோல, மதிப்பெண்களை மேலதிகாரிகளுக்குக் காட்டாமல் பூட்டி வையுங்கள். பல ஆண்டுத் தேர்வுகள் சேர்ந்தபின் வேலைத் திறனோடு ஒப்பிடுங்கள். 4 பேரை வைத்துக்கொண்டு முடிவுக்கு வராதீர்கள்.