கல்லுக்கிடங்கின் கண்காணிப்புக் கோப்பை மூடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி 1990இல் போரோடு நின்றது. அதற்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய கிடங்குகள் அந்தப் பக்கம் இன்னும் கிடக்கின்றன. யாழ்ப்பாணத்தில் நிலக்கரி இல்லை. ஆனாலும் தோண்டிய நிலத்தைச் சீராக்கிய பிறகு, "இனிக் கண்காணிப்புத் தேவையில்லை" என்று எப்போது சொல்லலாம் என்பதை அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டு நிலக்கரிச் சட்டம் படிப்படியாக எழுதி வைத்திருக்கிறது. நம் ஊரில் அகழ்வு அனுமதி, சுரங்கங்கள், கனிப்பொருட்கள் பற்றிய 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. கிடங்கு ஒன்றை மூடும் பேச்சு ஊரில் எழும்போது, அங்கே கற்ற பாடங்கள் நமக்கும் உதவும்.

முதல் தவறு, சீராக்கிய நிலத்தைத் தை மாதத்தில் போய்ப் பார்ப்பது. மாரி மழை முடிந்த கையோடு வெறும் கற்குவியலும் பச்சையாகத்தான் தெரியும். ஆவணி, புரட்டாதியில் போய்ப் பாருங்கள். அப்போதும் வேர் பிடித்து நிற்கிற மரம்தான் மரம். நட்ட நாளிலிருந்து ஆண்டுகளை எண்ணுவதும் பிழை. அமெரிக்கச் சட்டத்தில் பொறுப்புக்காலம், அதாவது நட்ட பயிருக்குக் கம்பனி பொறுப்பாக இருக்க வேண்டிய காலம், 5 ஆண்டு. ஆண்டு மழை 26 அங்குலமோ அதற்குக் குறைவோ என்றால் 10 ஆண்டு. கூடுதலாக விதைத்து, பசளை போட்டு, நீர் பாய்ச்சிய கடைசி ஆண்டு முடிந்த பிறகுதான் அந்தக் கணக்குத் தொடங்கும். தண்ணீர் ஊற்றி நிறுத்திய பச்சைக்கு அங்கே மதிப்பில்லை.

நிலத்தைச் சீராக்குவதற்குப் பிணையாகக் கம்பனி கட்டிய பணத்தை ஒரேயடியாகத் திருப்பிக் கொடுப்பது அடுத்த தவறு. அங்கே பிணைப்பணம் மூன்று கட்டமாக விடுபடும். கிடங்கை நிரப்பி, மட்டப்படுத்தி, வடிகால் அமைத்தால் 60 வீதம் வரை. பயிர் நிலைத்த பிறகு இன்னொரு பகுதி. மிச்சம் பொறுப்புக்காலம் முடிந்து எல்லாம் சரியென்று கண்ட பின்னர்தான். காசுக்குப் பதிலாகக் கம்பனியின் வாக்குறுதியையே பிணையாக ஏற்ற மாநிலங்களும் இருந்தன. 2015, 2016இல் ஆல்பா, ஆர்ச், பீபொடி என்ற பெரிய நிலக்கரிக் கம்பனிகள் அடுத்தடுத்து வங்குரோத்துக்குப் போனபோது, சீராக்கும் செலவு மக்கள் தலையில் விழுமோ என்று அந்த மாநிலங்கள் தவித்தன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு தண்ணீரைக் கடைசியில் பார்ப்பது. நிலக்கரிச் சுரங்கத்தில் பைரைட் என்ற கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலமாகும்; மேலே புல் முளைத்த பிறகும் கீழிருந்து செம்மஞ்சள் நீர் பல பத்தாண்டுகள் கசியும். நம் சுண்ணாம்புக்கல்லில் அந்த அமிலத் தொல்லை இல்லை, ஆனால் வெடிப்பும் துவாரமுமான அந்தக் கல் எதையும் வடிகட்டாது. கிடங்கில் போட்ட குப்பையின் கழிவு அயல் கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. பள்ளத்தைக் குப்பையால் நிரப்பி "மூடியாச்சு" என்பது ஊர்க் கிணறுகளை மூடுவதற்குச் சமம்.

நம் நன்னீர் கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. மேலே 1 அடி இறங்கினால் கீழிருந்து உவர் ஏறத்தாழ 40 அடி ஏறும். என் அம்மம்மா ஒரு மிடறு வாயில் வைத்தே கிணறு உவராகிறது என்று சொல்லிவிடுவார். அலுவலகத்துக்கு அது போதாது. அகழ்வதற்கு முன்னர் எடுத்த அளவு வேண்டும். கிடங்கு நீரை மட்டுமன்றிச் சுற்றியுள்ள கிணறுகளையும் மாரியிலும் கோடையிலும் சோதித்த அளவு வேண்டும். உவர்த்தன்மை, நைத்திரேற்று இரண்டும் அதில் கட்டாயம்.

அயலவருக்குத் தெரியாமல் மூடுவதும் நடக்கும். அமெரிக்காவில் பிணையை விடுவிக்கக் கேட்பவர் உள்ளூர்ப் பத்திரிகையில் வாரம் ஒரு முறையாக நான்கு வாரம் விளம்பரம் போட வேண்டும், பக்கத்துக் காணிக்காரருக்கும் உள்ளூராட்சிக்கும் கடிதம் அனுப்ப வேண்டும். நம் ஊரில் வேலிக்கு அந்தப் பக்கத்துக் காணிக்காரர் பல இடங்களில் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிறார். பிரதேச சபைப் பலகையில் ஒட்டிய தாள் அவருக்கு எட்டாது. காணியைப் பார்த்துக்கொள்ளும் உறவினரைக் கிராம அலுவலர் மூலம் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டும்.

கோப்பு மூடினால் திறக்கவே முடியாது என்று எண்ணிக் கையெழுத்து வைப்பவர்களும் உண்டு. மோசடியாலோ, கூட்டுச் சதியாலோ, முக்கிய உண்மையை மாற்றிச் சொன்னதாலோ விடுவிப்புக் கிடைத்திருந்தால், அமெரிக்க அதிகாரிகள் கண்காணிப்பை மீண்டும் கையில் எடுத்தே ஆக வேண்டும். அதே பொருள்பட ஒரு வசனம் நம் கிடங்கை மூடும் கடிதத்திலும் இருக்கிறதா என்று, கிணற்று அளவுகளை அதோடு இணைக்கும்போதே பார்த்துவிடுங்கள்.